அறுபத்தேழாம் வயதில் அரிச்சுவடி

பிறமொழிப் பயிற்சி இளமைக்கே உரியது என்பது நம்மிடையே வேரூன்றிய ஒரு கருத்து. நாவும் செவியும் வளையக்கூடிய பருவத்திலேயே அந்நிய ஒலிகள் படியும் என்பர். முதுமையில் எழுதத் தொடங்குபவனை நீர்மேல் எழுதுபவனுக்கு ஒப்பிடுவர். இக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், கற்பவனின் வயதைவிடக் கற்பதற்கு அவனைத் தூண்டிய காரணமே முக்கியமாகிவிடும் சந்தர்ப்பங்களும் உள. வடமராட்சியைச் சேர்ந்த இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் தமது அறுபத்தேழாவது வயதில், ஆசிரியர் எவருமின்றிப் பிரெஞ்சு கற்கத் தொடங்கினார். அவர் எதற்காகக் கற்றார், எவ்வாறு கற்றார், எங்கெங்கே வழி தவறினார் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மொழி பயிலும் மாணவர் அதிற் கொள்ளத்தக்கன சில உண்டு.

அவர் 1953ஆம் ஆண்டு பிறந்தவர். 1976இல் தபால் திணைக்களத்திற் சேர்ந்து, வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களிற் கடமையாற்றி, 2013இல் ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு மொழி அவருடைய கண்ணுக்குப் புதியதன்று. உலகத் தபால் ஒன்றியம் 1874இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் உருவான காலந்தொட்டு, அதன் உத்தியோக மொழி பிரெஞ்சே. ஆகையால் உலகெங்குமுள்ள தபாற் படிவங்களிலும் ஒட்டுத்தாள்களிலும் அம்மொழிச் சொற்கள் இடம்பெறலாயின. விமானத் தபாலின் நீல ஒட்டுத்தாளில் 'பார் அவியோன்'. பதிவுத் தபாலில் 'ரெக்கொமாந்தே'. உரியவர் கையொப்பமிட்டுத் திருப்பியனுப்பும் அட்டையில் 'அவி த ரெசெப்ஸியோன்'. திரும்பி வந்த கடிதங்களில் 'அன்கொன்யு', 'ரெஃப்யுஸே'. முப்பத்தேழு ஆண்டுகள் இச்சொற்களின்மீது முத்திரை குத்தியவர் அவர். அவற்றை எவ்வாறு உச்சரிப்பது என்பதை மட்டும் அவர் ஒருபோதும் கேட்டறிந்ததில்லை. கடமைக்கு அது தேவைப்படவுமில்லை.

அவருடைய ஒரே மகன் 2006இல் பிரான்சுக்குச் சென்றான். அங்கே மணமுடித்து, பாரிஸுக்கு வடக்கேயுள்ள சென்-சென்-தெனி மாவட்டத்திற் குடியமர்ந்தான். 2013இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. முதல் மூன்று ஆண்டுகளும் குழந்தை தொலைபேசியில் மழலைத் தமிழே பேசிற்று. பிரான்சில் மூன்று வயதிலேயே பிள்ளைகளைப் பாலர் பாடசாலைக்கு அனுப்புவது நெடுங்கால வழக்கம். 2019ஆம் ஆண்டுக் கல்வியாண்டிலிருந்து அது சட்டப்படி கட்டாயமும் ஆயிற்று. பாடசாலையும் விளையாட்டிடமும் தொலைக்காட்சியும் பிரெஞ்சாகவே இருக்க, உணவகத்தில் நள்ளிரவு வரை வேலை செய்யும் தந்தையிடமிருந்தும், விடியற்காலையிற் சுத்திகரிப்பு வேலைக்குச் செல்லும் தாயிடமிருந்தும் குழந்தைக்குக் கிடைத்த தமிழ் சொற்பம். அவள் அதை விளங்கிக்கொள்வாள். விடையைப் பிரெஞ்சிலேயே தருவாள். ஞாயிறுதோறும் நடைபெறும் தொலைபேசி உரையாடல் 'அப்பம்மா', 'அப்பப்பா', 'சாப்பிட்டீங்களா' என்ற மூன்று சொற்களோடு ஓய்ந்துவிடும்.

2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் அப்பம்மா படுக்கையானார். கொள்ளைநோய்க் காலமாதலால் விமானப் போக்குவரத்து வழமைக்குத் திரும்பியிருக்கவில்லை. மகன் வரமுடியாத நிலை. ஒரு புதன்கிழமை, பேர்த்திக்குப் பாடசாலை இல்லாத நாளில், மருமகள் இலக்கத்தை அழுத்திப் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போயிருந்தாள். இங்கே கிழவர் கருவியைத் தலையணையருகே வைத்தார். ஏழு வயதுக் குழந்தை, 'அப்பம்மா' என்று அழைத்து, ஏதோ ஒரு சிறு வாக்கியத்தை மூன்று முறை சொன்னது. வழக்கமான மூன்று சொற்களுள் அது அடங்கவில்லை. நோயாளி கண் திறந்தார். வலக்கை விரல்கள் போர்வையின்மேல் அசைந்தன. இரண்டு நாட்களின்பின் அவர் காலமானார்.

தொலைபேசி வழியே தந்திகளைக் கேட்டு எழுதிப் பழகிய கை அவருடையது. விளங்காத மொழியாயினும் ஒலியைத் தவறவிடக்கூடாது என்பது அத்தொழிலின் ஒழுங்கு. அன்று மாலையே சுவரில் தொங்கிய நாட்காட்டியின் அத்தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் 'தியு ம மாங்க்' என்று பென்சிலால் எழுதி, ஓய்வூதியப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார்.

மகனிடம் கேட்டிருந்தால் பொருள் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. அதற்கு அவர் பிற்காலத்திற் கூறிய காரணம் நோக்கத்தக்கது. ஒருவருக்கு முகவரியிடப்பட்ட கடிதத்தை மற்றொருவரிடம் கொடுத்து வாசிப்பிக்கும் உரிமை தபாலதிபருக்கு இல்லை. உரியவர் இறந்துவிட்டால் அது வாழ்க்கைத் துணையிடம் சேரலாம். ஆனால் அவரே தம் கண்ணால் வாசிக்கவேண்டும். இது வெறும் பிடிவாதம் என்று சிலர் கருதக்கூடும். அந்த வாக்கியத்தில் என்ன இருக்குமோ என்ற அச்சமும் அதனுள் கலந்திருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

கொழும்பிலும் கண்டியிலும் பிரெஞ்சு கற்பிக்கும் நிலையங்கள் உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தில் அது பட்டப்படிப்புக்குரிய பாடமாகவும் உண்டு. வடமராட்சியில் தனித்திருந்த முதியவருக்கு இவை எட்டாதவை. யாழ்ப்பாணத்துப் பழைய புத்தகக் கடையொன்றில், மேலட்டை இல்லாத ஆங்கிலவழிச் சுயபோதினி ஒன்று அவருக்குக் கிடைத்தது. கடமைக் காலத்திற்போல் நான்கு மணிக்கு எழுந்து, இரண்டு மணித்தியாலம் படித்து, ஒரு கொப்பியில் எழுதுவது என்று வரையறுத்துக்கொண்டார்.

அயலவர் பரிகசித்தனர். "கட்டையிலை போற வயசிலை எங்கை மாஸ்ரர் வெளிக்கிடுறியள்?" என்று ஒருவர் கேட்டார். மகனுடைய மறுப்பு வேறுவகைப்பட்டது. "நீங்கள் ஏனப்பா கஷ்டப்படுறியள்? அவளல்லோ தமிழ் படிக்கவேணும்" என்றான் அவன். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. புலம்பெயர்ந்த இடத்தில் மூத்தோர் பிள்ளையின் மொழிக்கு இறங்கிச் சென்றால், பிள்ளைக்குத் தமிழ் கற்கும் தேவையே அற்றுப்போகும் என்று அஞ்சுவோர் பலர். கிழவர் மகனுக்கு மறுமொழி கூறவில்லை. கூறத்தக்க மறுமொழி அப்போது அவரிடம் இருக்கவுமில்லை.

முதலில் இடர் தந்தவை ஒலிகள். சுயபோதினி ஆங்கில ஒலிகளை ஒப்பிட்டே யாவற்றையும் விளக்கிற்று. ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளை 'இவற்றை எழுத்தால் விளக்கல் அரிது' என்று விட்டுவிட்டது. கிழவர் தமிழை ஒப்பிட்டுப் பார்க்கலானார். பிரெஞ்சின் தகரமும் பகரமும் ககரமும் ஆங்கிலத்திற்போல் மூச்சை உடன் வெளியேற்றுவன அல்ல. தகரம் பல்லில் நா பட்டே பிறக்கிறது. 'தபால்', 'பகல்', 'கடல்' என்று மொழிமுதலில் நாம் ஒலிக்கும் வல்லினங்களே அவை. 'தியு' என்று அவர் எழுதிய உயிர்தான் கடினம். உகரத்துக்கு இதழைக் குவித்தபடியே ஈகாரத்தை ஒலித்தால் அது வரும் என்பதைக் கண்ணாடிமுன் நின்று ஒரு மாதத்திற் கண்டறிந்தார்.

மூக்கொலி உயிர்கள் அடுத்த தடை. உயிரின்பின் மெய் எழுதப்பட்டிருக்கும். வாயில் அது ஒலியாது. உயிரே மூக்கின் வழியாக வெளிப்படும். யாழ்ப்பாணத்தார் 'மரம்' என்னும்போது இதழை மூடி மகரத்தை முழுமையாக ஒலிப்பவர்கள். 'வந்தான்' என்பதன் னகரத்தையும் அவ்வாறே. ஆனால் தென்னிந்தியத் திரைப்படங்களில் அதே சொற்களின் ஈற்று மெய் கரைந்து, உயிர் மூக்கொலி பெறுவதை அவர் இளமை முதல் கேட்டிருந்தார். அவ்வாறு பேசிப் பார்த்தபோது பாதித் தடை நீங்கிற்று. எஞ்சிய பாதிக்கு, பிரான்சின் சர்வதேச வானொலி இலகு பிரெஞ்சில் வழங்கும் பத்து நிமிடச் செய்தியறிக்கையைக் கைத்தொலைபேசியில் தினந்தோறும் கேட்டார். முதல் மூன்று மாதங்களும் அவருக்கு அதில் விளங்கியவை ஊர்ப் பெயர்கள் மாத்திரமே.

இந்நிலையிலேதான் நாட்காட்டித் தாளிலுள்ள வாக்கியத்துக்கு அவர் முதற் பொருளைக் கண்டார். பாடத்தில் 'உண்ணுதல்' என்ற வினை வந்தது. அதன் முன்னிலை ஒருமை வடிவம் ஏறத்தாழ 'மான்ஜ்' என ஒலிக்கும். 'நீ சாப்பிடுகிறாயா' என்றே குழந்தை கேட்டிருக்கவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். மரணப் படுக்கையில் இருந்த அப்பம்மாவிடமும் நம்மவர் வழக்கப்படி சாப்பிட்டீர்களா என்றே கேட்டிருக்கிறாள் என்ற எண்ணம் அவருக்குச் சில வாரங்கள் ஆறுதல் தந்தது. ஆனால் காது பழகப்பழக அவ்வாறுதல் நிலைக்கவில்லை. உண்ணுதலைக் குறிக்கும் சொல் மென்மையாக இழுபட்டு முடியும். அவர் எழுதி வைத்ததோ ககரத்தில் அடிபட்டு முடிந்தது. தந்தி எழுதிய கை ஜகரத்தைக் ககரமாகக் கேட்டிராது. முதற் பொருளை அவர் தாமே நிராகரித்தார்.

இலக்கணத்தினுள் புகுந்தபோது வியப்புக்களும் சிரிப்புக்களும் காத்திருந்தன. நம் இலக்கணத்தார் அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்றே வகுத்தனர். பிரெஞ்சிலோ கதிரை பெண்பால், புத்தகம் ஆண்பால், சூரியன் ஆண்பால், நிலவு பெண்பால். தாடியும் மீசையும் பெண்பால் என்று கண்டபோது அவர் தனியே இருந்து சிரித்தாராம். எண்களும் அவ்வாறே. எழுபது 'அறுபதும் பத்தும்' ஆகிறது. எண்பது 'நான்கு இருபது' ஆகிறது. மகன் வசிக்கும் மாவட்டத்தின் தபாற் குறியீடு 93 என்று தொடங்கும்; அதை 'நான்கு இருபதும் பதின்மூன்றும்' என்று சொல்லவேண்டும். இதை எள்ளிய நண்பரொருவருக்கு, எண்பதின்பின் 'ஒன்பது பத்து' என்னாமல் நூற்றை முன்னிறுத்தித் 'தொண்ணூறு' என்பவர்கள் பிறரை எள்ளலாகாது என்று அவர் விடையிறுத்தார்.

உறவுகளும் புலப்பட்டன. ஈற்றில் மௌனமாகிக் கிடக்கும் மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் உயிர்த்தெழுகிறது: 'லே' என்பதும் 'ஆன்ஃபான்' என்பதும் சேர்ந்து 'லேஸான்ஃபான்' ஆகும், 'பிள்ளைகள்' என்பது பொருள். வினாவில் இரண்டு உயிர்கள் எதிர்ப்படுமிடத்து இடையே ஒரு தகரம் தோன்றி அவற்றை இணைக்கிறது. நன்னூல் படித்தவனுக்கு இது உடம்படுமெய்யை நினைவூட்டும். 'நாடு' என்பதும் 'இல்லை' என்பதும் சேர்ந்து 'நாடில்லை' ஆவதுபோல், உயிர் வருமிடத்து முன்னுள்ள உயிர் கெடுவதும் அங்கே உண்டு. எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தூரமும் தமிழனுக்குப் புதியதன்று. நூல் 'ஜெ நெ சே பா' என்று கற்பிக்கும்; குழந்தை 'ஷே பா' என்று சொல்லும். இரண்டுக்கும் பொருள் 'எனக்குத் தெரியாது' என்பதே. 'வந்துகொண்டிருக்கிறேன்' என எழுதி 'வந்துகொண்டிருக்கிறன்' எனப் பேசும் சமூகத்தவர் இதனால் அதிர்ச்சியுற வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் அவரை மகிழ்வித்தது ஒரு சொற் பிறப்பு. யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பது வழக்கு. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 'கன்ரோர்' என்பதே அது. அந்த ஒல்லாந்தச் சொல்லோ பிரெஞ்சின் 'கொந்துவார்' என்பதிலிருந்து பிறந்தது; எண்ணிக் கணக்கிடும் மேசை, அதாவது கருமபீடம், என்பது அதன் பொருள். புதுச்சேரி, காரைக்கால் முதலிய தமது வணிகத் தலங்களையும் பிரெஞ்சுக்காரர் அச்சொல்லாலேயே அழைத்தனர். முப்பத்தேழு ஆண்டுகள் தபாற் கந்தோரின் கருமபீடத்தின் பின்னால் அமர்ந்திருந்தவர், தாம் அறியாமலே ஒரு பிரெஞ்சுச் சொல்லினுள் வாழ்ந்திருந்தார்.

நெருடலும் ஒன்று நேர்ந்தது. முன்னிலைப் பெயர்கள் பற்றிய பாடத்தில், பேர்த்தி தம்மை ஒவ்வொரு ஞாயிறும் 'நீ' என்றே விளித்து வந்திருக்கிறாள் என்பது அவருக்குப் புலனாயிற்று. யாழ்ப்பாணத் தமிழ் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகளைப் பேணுவது. அவ்வழக்கில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அப்பப்பாவை முதற் படியில் வைத்துப் பேசாது. பிரெஞ்சில் இரண்டே படிகள். குடும்பத்தினுள் பெரியோர் சிறியோர் எவரும் 'தியு' என்றே பேசிக்கொள்வர். 'வூ' என்பது அந்நியருக்கும் அலுவலகத்துக்கும் உரியது. நெருக்கத்தின் அடையாளமே அது என்று மகன் விளக்கினான். அறிவு அதை ஏற்றது. மனம் ஏற்கச் சில மாதங்கள் சென்றன.

2021ஆம் ஆண்டின் இறுதியில் ககரத்தில் முடியும் சொல் அகப்பட்டது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை ஒலியிலிருந்து ஊகிப்பது கடினமாதலால், அவர் அகராதியில் பல பக்கங்களைத் துழாவவேண்டியிருந்தது. அவ்வினைக்கு ஆங்கிலவழி நூல் தந்த முதற் பொருள் 'தவறவிடுதல்'. புகையிரதத்தைத் தவறவிடுதல் என்பது உதாரணம். 'ம' என்பது 'என்னை' என்று முன்னரே படித்திருந்தார். ஆகவே 'நீ என்னைத் தவறவிட்டாய்' என்று வாக்கியம் முடிந்தது.

அவர் கொப்பியை மூடினார். ஒரு மாதத்துக்கு மேல் அதைத் திறக்கவில்லை. ஒருமுறையேனும் மடியில் இருத்தாத அப்பம்மாவை நோக்கி, ஏழு வயதுக் குழந்தை 'நீ என்னைத் தவறவிட்டாய்' என்று மூன்று முறை சொல்லியிருக்கிறது; அந்தக் கடைசிக் கணத்தில் அந்தக் கை அசைந்தது அந்தக் குற்றச்சாட்டுக்கோ என்ற எண்ணம் அவரை வருத்திற்று. 2015இல் மகன் விமானச் சீட்டு அனுப்பியும் போகாமல் இருந்தவர்கள் அவர்கள். தோட்டமும் மாடுகளும் அப்போது காரணமாகத் தோன்றின. குழந்தை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது என்று அவர் நம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளிற் பேர்த்தியுடன் பேசும்போது, கற்ற பிரெஞ்சையும் மறைத்து, பழைய மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டார்.

திரும்பவும் அவர் நூலைத் திறந்தது 2022 மார்ச் மாத இறுதியில். நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் நீடித்த நாட்கள் அவை. உறக்கம் வராத ஓர் இரவில், மெழுகுதிரி ஒளியில், விட்ட இடத்திலிருந்து ஐந்து பாடங்கள் தள்ளி ஒரு பாடத்தை வாசித்தார். அது வேற்றுமை பற்றியது. படர்க்கையில் இரண்டாம் வேற்றுமைக்கு ஒரு சொல்லும் நான்காம் வேற்றுமைக்கு வேறொரு சொல்லும் பிரெஞ்சில் உண்டு. தன்மையிலும் முன்னிலையிலும் இரண்டுக்கும் ஒரே வடிவம். 'ம' என்பது 'என்னை' ஆகலாம். 'எனக்கு' எனவும் ஆகலாம். அதன்கீழ்க் கொடுக்கப்பட்ட வாக்கியங்களுள் ஒன்றில் அதே வினை, படர்க்கையின் நான்காம் வேற்றுமையோடு, 'லுயி' என்ற சொல்லோடு வந்திருந்தது. அவ்வாறாயின் ஆட்களைப் பற்றி வரும்போது அவ்வினை வேண்டுவது 'என்னை' அன்று, 'எனக்கு'.

நூல் தந்த ஆங்கில மொழிபெயர்ப்பை விரலால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் கீழும் தமிழ்ச் சொல்லை எழுதினார். நீ, எனக்கு, குறைகிறாய். நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் 'நான்' ஆகவும் செயப்படுபொருள் 'நீ' ஆகவும் அமையும் இடத்தில், பிரெஞ்சு 'நீ' என்பதை எழுவாயாக்கி, 'எனக்கு' என்பதை நான்காம் வேற்றுமையில் வைக்கிறது. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு வேண்டும்' என்று நாள்தோறும் பேசும் தமிழனுக்கு இவ்வமைப்பு இயல்பானது. சொல்லொழுங்கும் தமிழுக்குரியதே: பிரெஞ்சில் செயப்படுபொருள் பொதுவாக வினையின் பின் வரினும், 'என்னை', 'உன்னை', 'எனக்கு' போன்ற சுட்டுப் பெயர்கள் வினையின் முன்னரே நிற்கும். ஆங்கிலத்தைச் சுற்றிச் சென்றமையால் அவர் மூன்று மாதங்கள் தண்டனை அனுபவித்தார். தமிழிலிருந்து நேரே சென்றிருந்தால் அன்றே விளங்கியிருக்கும்.

மொழித்துறை சார்ந்தோர் சிந்திக்கவேண்டிய இடம் இது. பிரெஞ்சுக் குருமார் 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் தமிழ்-பிரெஞ்சு அகராதி அச்சிட்டனர். ஜூலியன் வின்சோன் 1903இல் தம் நாட்டு மாணவருக்காகத் தமிழ்க் கைநூல் ஒன்றை வெளியிட்டார். மூன்றாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1970இல் பாரிஸ் நகரிலேயே கூடியது. தமிழை நோக்கி அவர்கள் நேரே வந்தார்கள். நம் நாட்டிலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல்லாயிரம் இருக்க, நம் வீடுகளில் இருப்போர் அம்மொழியை இன்னும் ஆங்கிலத்தின் கதவு வழியாகவே எட்டிப் பார்க்கிறோம். நம் இலக்கண மரபிலிருந்து நேரே பிரெஞ்சுக்கு இட்டுச்செல்லும் ஒரு பாலபாடம், நம் ஊர் முதியோர் கையிற் கிடைக்கவேண்டிய நூல்.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையில் மகனின் குடும்பம் ஊருக்கு வந்தது. பேர்த்திக்கு அப்போது பதினொரு வயது. மூன்றாம் நாள் காலை, விறாந்தையில் அவளை அருகில் இருத்தி, கிழவர் நாட்காட்டித் தாளை எடுத்துக் காட்டினார். தமிழெழுத்தில் இருந்ததை அவளால் வாசிக்க இயலவில்லை, அவர் வாசித்தார். 'தியு' என்பதை அவர் ஒலித்த முறைக்கு அவள் முதலிற் சிரித்தாள். பின்னர் சிரிப்பு நின்றது. அவளுக்கு அந்நாள் நினைவில் இருந்தது. தான் சொன்னது அப்பம்மாவுக்கு விளங்கியதா என்று பிரெஞ்சிற் கேட்டாள்.

அக்கேள்விக்கு அவர் இரண்டாண்டுகளாக விடை ஆயத்தப்படுத்தியிருந்தார். 'விளங்கிக்கொண்டாள்' என்பதற்கும் 'கேட்டாள்' என்பதற்கும் பிரெஞ்சில் வெவ்வேறு வினைகள் உள. தபாலதிபர் தாம் காணாததற்குச் சான்றளிக்கமாட்டார். "நீ சொன்னதை அவள் கேட்டாள், கையை அசைத்தாள்" என்று பிரெஞ்சிற் கூறினார். வினையீற்றின் உயிரை அவள் இருமுறை திருத்தினாள். அவர் இருமுறையும் திருப்பிச் சொன்னார்.

சற்று நேரத்தின்பின், அப்பம்மாவுக்கு விளங்கும்படி அதைத் தமிழில் எவ்வாறு சொல்லியிருக்கவேண்டும் என்று அவள் கேட்டாள். 'குறை' என்ற சொல்லை விளக்க அவர் தொடங்கினார். அது ஏட்டில் எழுதிய பொருளாகவே நின்றது. அப்போது, மகன் போன ஆண்டிலே, மாலை வேளைகளில் மனைவி படலையைப் பார்த்தபடி வழக்கமாகச் சொல்லும் சொல் நினைவுக்கு வந்தது. "பிள்ளையைத் தேடுது" என்பார் அவர். "நான் உனக்குச் சொல்லுறதெண்டால், 'உன்னைத் தேடுது' எண்டு சொல்லுவன்" என்று கிழவர் கூறினார்.

சிறுமி எழுந்து உள்ளே சென்று, மாலையிட்ட படத்தின் முன் நின்றாள். "அப்பம்மா, உங்களைத் தேடுது" என்றாள். 'உன்னை' என்பதை 'உங்களை' என மாற்றும்படி அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

மகன் வாசலில் நின்று இதைக் கேட்டான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் எழுப்பிய வாதத்துக்கு அதன்பின் மறுமொழி தேவைப்படவில்லை. விடுமுறையின் எஞ்சிய பதினெட்டு நாட்களும் காலையில் அரைமணி பிரெஞ்சுக்கும் அரைமணி தமிழுக்கும் ஒதுக்கப்பட்டன. அதே கொப்பி, இடப்பக்கம் அவருடையது, வலப்பக்கம் அவளுடையது. இடப்பக்கத்தில் அவள் சிவப்பு மையாற் பிழை திருத்தினாள். வலப்பக்கத்தில் அவர் பென்சிலால் திருத்தினார்.